குணா கழுவாமல் வைத்திருந்த கற்கள்

குணா போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை பசாருக்குக் காய்கறி வாங்கக் கிளம்பச் சட்டை போட்டிருக்கிறான். பொத்தான் மாட்டிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தவன்... எழுந்திருக்கவில்லை. நெஞ்சு என்றார்கள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் போனில் போட்டுத் தருகிறாள். துறைமுகத்தில் எங்களோடு வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால்... பாயான் பாருவில் இருந்த குணசேகரன்தான். கிரேன் குணா.

மேலே அவன். கீழே கயிறு கட்டுகிற கூட்டத்தில் நான். அத்தனை பெரிய சரக்குப் பெட்டியை முட்டை வைப்பது போல இறக்குவான்.

வேலை விட்டு வீட்டில் உட்கார்ந்ததும், கடல் மீன் வளர்க்கிறேன் என்று இரண்டடி டேங்க் ஒன்று வாங்கினான். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன், ஒரு பெரியது, ஒரு சின்னது.

அவன் பெண்சாதி சரோஜா என்னிடம் முறையிட்டாள். "இத்தன வருசம் கடல பாத்தது பத்தலையாம்ணே. கொழம்புக்கும் ஆகாது, கூப்பிட்டா பேசவும் பேசாது."

"அது பேசாததுதான்லா எனக்குப் புடிச்சதே" என்றான் இவன்.

சாயங்காலமானால் நான் போய்விடுவேன். இருவரும் டேங்க் முன்னால் உட்கார்ந்திருப்போம். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம்.

தண்ணீர் குறைந்திருக்கிறதே என்று ஒரு நாள் தெலுக் பகாங் கடற்கரையில் ஒரு வாளி கடல் தண்ணீர் மொண்டு மோட்டார் சைக்கிளில் கொண்டு போனேன். பாதி என் காற்சட்டையில்.

குணா சிரித்த சிரிப்பு... "அண்ணே, காத்துல போறது வெறும் தண்ணிதான். உப்பு அங்கயேதான் கெடக்கு. நீங்க மேல மேல உப்ப ஊத்துனா மீனு கருவாடாயிடும்லா."

உப்பு பார்க்க ஒரு பிளாஸ்டிக் பெட்டி வைத்திருந்தான். தண்ணீரை ஊற்றினால் உள்ளே ஒரு ஊசி ஏறி இறங்கும். பக்கத்தில் பொடிப் பொடியாக எழுத்து.

எனக்கு அது புரியாது என்று அவனுக்குத் தெரியும். ஒன்றும் கேட்கவில்லை. சரோஜாவின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து ஒரு பொட்டு வைத்தான்.

"ஊசி இதுல நின்னா போதும்ணே."

அவர்கள் கோலாலம்பூருக்கு மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பொட்டை வைத்துத்தான் நான் மீனைப் பார்த்துக்கொண்டேன்.

இந்த வருடம் டேங்கின் ஓரத்தில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. சரோஜா கீழே துணி போட்டுப் போட்டு அலுத்துப் போனாள். சரி, பெரிதாகவே மாற்றிவிடுவோம் என்று மூன்றடி டேங்க் ஒன்று கொண்டுவந்தான். சின்னப் பிள்ளை மாதிரி அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான்.

திங்கட்கிழமை நானும் அவனும் சேர்ந்து பழைய டேங்கில் கிடந்த கற்களை எடுத்து, பழைய தண்ணீரோடு இரண்டு வாளியில் வைத்தோம். பழுப்பாக, வழவழவென்று, கடல் வாடையோடு இருக்கும் கற்கள். ஒவ்வொன்றையும் கிரேனில் இறக்குகிற மாதிரியே இறக்கினான்.

"இத மட்டும் கழுவக் கூடாதுண்ணே. கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கு இதுல. அதுதான் மீனோட அழுக்க எல்லாம் தின்னு தண்ணிய நல்லா வெக்குது. இது செத்தா மீனும் செத்துச்சு."

நீல டிரம்மில் புதுத் தண்ணீருக்கு உப்பு கரைத்துச் சுற்ற விட்டான். மீன் இரண்டும் பழைய டேங்கில் பாதித் தண்ணீரில். "நாளைக்கு மாத்திடலாம்ணே" என்றான்.

அந்த நாளைக்குத்தான்...

அவனைக் கிடத்திய பெட்டியை வைக்க ஹாலில் இடம் வேண்டும் என்று வாளிகளைச் சமையலறைக்குப் பின்னால் தள்ளினார்கள். சாயங்காலம் ஆம்பளைகள் நாங்கள் அவனை எரிக்க மின்சுடலைக்குப் போனோம். வீட்டில் இருந்த பெண்கள் நம் வழக்கப்படி செய்தார்கள். வீட்டிலிருந்த தண்ணீரையெல்லாம் கொட்டி, வீடு கழுவி விட்டார்கள்.

நான் திரும்பி வந்தபோது நீல டிரம் கவிழ்த்து வைத்திருந்தது. பால்கனியில் கற்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. வெள்ளை வெளேரென்று.

சரோஜாவின் அக்கா சொன்னது: "ஒரே நாத்தம்ணே. பைப்பத் தொறந்து விட்டு பிரஷ் போட்டு நல்லா தேச்சிட்டேன். மீனு உசுரோட இருந்துச்சு, அதான் அந்த டேங்க்க மட்டும் தொடல."

காலையிலிருந்து அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது அந்த அம்மாவுக்கு. தண்ணீரில் ஊறி விரலெல்லாம் சுருங்கிப் போயிருந்தது.

"சரிம்மா" என்றேன்.

கூட்டம் கலைந்த பிறகு சரோஜா கேட்டாள். "அது ரெண்டும் பொழச்சிக்கும்லண்ணே? அவரு போட்ட சாப்பாடு இன்னும் அதுங்க வயித்துல இருக்கு."

மறுநாள் மீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் சீனர், கதையைக் கேட்டு ரொம்ப நேரம் தலையாட்டினார். புதுப் பூச்சி வரட்டும் என்று ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார். இது அந்தக் கல்லுக்கு ஈடாகாது அங்கிள், தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றிப் பாருங்கள் என்றார்.

மாற்றுகிறேன். குணா மிச்சம் வைத்த உப்பைத்தான் கரைக்கிறேன். கசிகிற இடத்தில் சரோஜா துணி போடுகிறாள். இப்போது அலுத்துக்கொள்வதில்லை.

இன்று காலை சின்ன மீன் மூலையில் அடியிலேயே கிடந்தது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடுகிறது. சாப்பாடு போட்டேன், பார்க்கவில்லை. பெரியது அதைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

சரோஜா நாற்காலியை டேங்க் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

தண்ணீர் மொண்டு உப்புப் பெட்டியில் ஊற்றி இன்னொரு தடவை பார்த்தேன்.

ஊசி பொட்டில்தான் நிற்கிறது குணா. நீ மெதுவாகப் போப்பா.