எலும்பு டாக்டர் எழுந்து நின்ற மாலை

டாக்டர் பொன்வேலப்பன் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அவர் வீட்டில் சமைக்கும் சரசக்கா போனில் சொன்னபோது, நான் கணியூரில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலையில் அப்போதுதான் சாம்பார் ஊற்றியிருந்தார்கள். எழுந்து போகவும் தோன்றவில்லை, சாப்பிடவும் முடியவில்லை. பக்கத்தில் இருந்த யாருக்கும் அவரைத் தெரியாது. தெரிந்த உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களில் பலர் தொடைக்குள் அவர் வைத்த ஸ்டீல் ராடோடு திருப்பூரில் நடமாடுகிறவர்கள். அங்கே ராயபுரத்தில் அவருடைய சின்ன மருத்துவமனையில் நான் பிசியோதெரபிஸ்ட்டாக இருந்தேன். அவர் ஆபரேஷன் செய்வார், மறுநாள் காலை நான் போய் நோயாளியை எழுப்பி நிற்க வைப்பேன். அவரைக் கும்பிடுவார்கள், என்னைத் திட்டுவார்கள். "நல்ல பேரு எனக்கு, வசவு உங்களுக்கு. சரியாத்தானுங்க பிரிச்சிருக்கறோம் அம்மிணி" என்பார்.

ஆபரேஷனைப் படம் வரைந்து விளக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. மேசை இழுப்பறையில் ஒரு டிராக் பேண்ட் வைத்திருந்தார். இடுப்புப் பட்டியின் துளையில் ஊக்கு மாட்டிய நாடாவை நுழைத்து, துணிக்கு மேலிருந்தே விரலால் தள்ளித் தள்ளி மறுமுனைக்குக் கொண்டு வருவார். "தொடை எலும்புக்கு நடுவுலயும் இப்படி ஒரு வழி இருக்குதுங்க. இடுப்புப் பக்கம் சின்னதாத் திறந்து, அந்த வழியில ராடை இறக்கி, மேலயும் கீழயும் ஸ்குரூ போட்டுப் பூட்டிருவேன். உடைஞ்ச எடத்தைத் திறக்கவே மாட்டனுங்க." பனியன் கம்பெனி ஆட்களுக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவைப்படாது.

மறுநாளே எழுந்து நடக்க வேண்டும் என்ற ஒன்றுதான் யாருக்கும் ஏறாது. எலும்பு உடைந்தால் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பது நம் ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைத்துக்கொண்டிருந்த ஜெபமணி, ஷிப்டுக்குப் போகும்போது வண்டி மோதித் தொடை உடைந்து வந்தாள். ஆஸ்பத்திரியில் வாக்கரைப் பிடித்து நடந்தவள், வீட்டுக்குப் போனதும் படுத்துவிட்டாள். அண்ணன்காரன் கழிவறைக்குக்கூட அவளைத் தூக்கிக்கொண்டு போனானாம். பாசம்தான், ஆனால் காலைக் கெடுக்கிற பாசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டரும் நானும் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டுக்கே போனோம்.

"நின்னா உள்ள கம்பி வளைஞ்சிரும்லா சார்?" என்று அழுதாள்.

"படுத்துக்கறதுக்கு எதுக்கு கண்ணு ராடு? நடக்கத்தான வெச்சிருக்குது" என்றார் டாக்டர். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, அவள் முற்றத்துக் குழாய் வரை நடப்பதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அப்படிப்பட்ட மனிதர், மனைவி இறந்த பிறகு மருத்துவமனையைப் பூட்டிவிட்டார். மகள் கனடாவில். இவர் கதவைச் சாத்திக்கொண்டு டிவி பார்த்தார். சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி அவருடைய தொடை எலும்பே முறிந்தது. கோவையில் அவருக்கும் ராடு வைத்தார்கள். ஆபரேஷன் அருமையாக நடந்தது. வீட்டுக்கு வந்தவர் எழுந்திருக்க மறுத்துவிட்டார்.

தினமும் மாலை போனேன். கெஞ்சினேன், அதட்டினேன், ஜெபமணியிடம் அவர் சொன்னதையே அவரிடம் சொல்லிக் காட்டினேன். முதுகில் சிவப்புத் தெரிய ஆரம்பித்திருந்தது. அந்த வயதில் படுத்தே கிடந்தால் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும், பிறகு பிழைக்க வைப்பது கஷ்டம். இதெல்லாம் அவருக்குத் தெரியாததா?

"எந்திரிச்சு எங்க போறதுங்க அம்மிணி?" என்றார். வருத்தமாகக்கூட இல்லை, வழி விசாரிக்கிற மாதிரி கேட்டார்.

எனக்கு அலுத்துப் போய்விட்டது. என் மகனும் வெளியூர்தான். "எனக்கு மட்டும் எங்க சார் போக்கிடம்? ஊட்டுக்குப் போனாப் பேச ஆளில்லீங்க. கேட் வரைக்கும் வாங்க, சித்த நேரம் பேசிட்டு நிக்கலாம்" என்றேன். சிகிச்சைக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே கூப்பிட்டேன்.

அவர் போர்வையை விலக்கினார். பிறகு காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டார். ஒரு கையால் வாக்கரையும் மறு கையால் என் தோளையும் பிடித்து எழுந்தார். அன்று அறை வாசல் வரைதான் வர முடிந்தது.

கேட்டை எட்டப் பல நாள் ஆனது. அதன்பின் எல்லா மாலையும் அங்கே நிற்போம். கம்பெனி பஸ் ஆட்களை இறக்கிவிடும். "அந்தம்மாவுக்கு முட்டி தேஞ்சிருக்குதுங்க" என்பார், நடையைப் பார்த்தே. "ரோட்டுல போறவங்களையாவது விடுங்க சார்" என்பேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது தோளில் அந்தக் கையின் பாரம். என்னைப் பிடித்து எழுந்தவர்கள் எல்லோரும் கால் ஊன்றியதும் கையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எடுக்க வைப்பதுதான் என் தொழில். அவருடைய எலும்பு எப்போதோ கூடிவிட்டது, வாக்கரும் மூலைக்குப் போய்விட்டது. கேட்டில் நிற்கும்போது கை மட்டும் என் தோளிலேயே இருந்தது. அது இனித் தேவையில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவருமே சொல்லவில்லை.