ஆறு லீற்றர்

வழவழப்பான தாளில் அச்சிட்ட கார் விளம்பரப் புத்தகம் அது. எண்பதுகளில், டொச் பேசும் லுசேர்ண் நகரத்து உணவகமொன்றில் என்னோடு பாத்திரம் கழுவிய அண்ணை, ஒரு பழைய கார் வாங்கியபோது அதோடு வந்தது. நூறு கிலோமீற்றருக்கு எவ்வளவு பெற்றோல் குடிக்கும் என்று மூன்று இலக்கங்கள் போட்டிருந்தார்கள்: சீராகத் தொண்ணூறில் ஓடினால் ஒன்று, நூற்றிருபதில் இன்னொன்று, நகரத்துக்குள் வேறொன்று. எல்லாம் டொச் மொழியில்; அண்ணைக்கு வாசிக்கத் தெரியாது, கொஞ்சம் தெரிந்த தலைக்கனம் எனக்கு. அண்ணையின் முகம் மலர்வதைப் பார்க்கும் ஆசை வேறு. ஆகச் சிறியதை, ஆறு லீற்றரை மட்டும் வாசித்துக் காட்டினேன். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவுமோ?" என்று சிரித்தாலும் மனிதர் நம்பிவிட்டார்.

அவருடைய கூடப்பிறந்த தம்பி மலைக்கு அப்பால் லுகானோவில் இருந்தார். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, ஒரு ஞாயிறு பின்னேர ரயிலில் நாட்டைவிட்டுப் போகிறார் என்று செய்தி வந்தது. போகமுன் ஒருக்கால் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அண்ணை காரை எடுத்தார். பெற்றோல் அளவு காட்டும் முள் பழுது. ஊற்றிய லீற்றரையும் ஓடிய தூரத்தையும் வைத்து, நூறுக்கு ஆறு என்று கணக்குச் சொல்வது நான்தான். பின்னால் எங்கள் சமையலறை ஆட்கள் மூன்று பேர், மடியில் தம்பிக்கான கம்பளி உடுப்பும் சாப்பாட்டுச் சட்டியும். மலை ஏற்றம், எதிர்க்காற்று. புத்தகத்துக் கார் இதில் எதையும் கண்டதில்லை.

பெலின்சோனாவில் ஒரு பெற்றோல் நிலையத்தைக் கண்டு அண்ணை வேகத்தைக் குறைத்தார்.

"அடிச்சிட்டுப் போவமோ?"

"தேவையில்லை அண்ணை. இன்னும் நூறு கிலோமீற்றர் ஓடும். நேரம் போகுது."

மொந்தே செனேரி ஏற்றத்தில் கார் இரண்டு தரம் விக்கி நின்றுவிட்டது. நான் பிளாஸ்டிக் கானோடு ஓடிப் பெற்றோல் வாங்கி வந்து, லுகானோ நிலையத்தை அடைந்தபோது ரயில் போய் இருபது நிமிடம். வெறுமையான மேடையில் அண்ணை சட்டியோடு நின்றார்.

தம்பி பிறகு சண்டை நடந்துகொண்டிருந்த ஊருக்குத் திரும்பி, அடுத்த வருடமே ஷெல் பட்டு இறந்தார்.

புத்தகத்தில் இருந்ததை முழுதாக வாசிக்கவில்லை என்று அண்ணையிடம் நான் சொன்னதேயில்லை. முதலில் பயம், பிறகு, இனிச் சொல்லி என்ன என்ற கோழைத்தனம். இப்போது அவர் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். போகும்போதெல்லாம் அதே கதைதான்: "அண்டைக்கு நிப்பாட்டி அடிச்சிருக்கோணும். நீ சின்னப்பெடியன், உனக்கென்ன தெரியும்? பிழை என்ரைதான்."

"விடுங்கோ அண்ணை" என்று, மன்னிக்கிறவனைப் போல அவருடைய கையைத் தடவிக்கொடுக்கிறேன்.