ஆறாட்டன்று இறங்காத ஜெட்

என் கணவருக்கு விமானம் என்றால் பயம். எழுபது வயது வரை ஒரு விமானத்திலும் கால் வைத்ததில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் விமானம் இறங்குவது தெரியும். அதைக்கூட இவர் நிமிர்ந்து பார்க்க மாட்டார். மஸ்கட்டில் இருக்கும் எங்கள் ஒரே மகளுக்கு ஏழாம் மாதம் ஆனபோது, "நீ மொதல்ல போ, நான் ரயில்ல வரேன்" என்றார். மஸ்கட்டுக்கு ரயில்! இந்த மனுஷனோடு நாற்பது வருஷம் ஓட்டியிருக்கிறேன் என்பதை நினைத்தால் எனக்கே பிரமிப்பாக இருக்கிறது.

நான் தனியாகப் போய்விடலாம், அதில் எனக்கு ஒரு பயமும் இல்லை. ஆனால் பேரக் குழந்தையைக் கையில் வாங்கும்போது இவர் பக்கத்தில் இல்லாவிட்டால் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

நான் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மறுமாதமே கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டையும், மேஜையில் பொருத்தும் ஸ்டியரிங்கையும் வாங்கினேன். தெருவில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இரண்டு வருஷத்தில் பெரிய முதலாளிகள் வைத்திருக்கும் ஆறு சீட்டு ஜெட் ஒன்றை ஓட்டப் பழகிவிட்டேன்.

இவருக்குப் பயமெல்லாம் விமானம் தரையிறங்குவதை நினைத்துத்தான். அதனால் ஒரு பந்தயம் போட்டோம். இவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, நம் திருவனந்தபுரத்து ரன்வேயில் பத்து முறை தொடர்ந்து உடையாமல் இறக்கிக் காட்ட வேண்டும். காட்டினால் மஸ்கட்டுக்கு வருவார். ஒன்பது முறை இறக்கிவிட்டேன். ஒவ்வொரு முறையும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்.

பத்தாவது முறைக்காக ஒரு நாள் சாயங்காலம் கொச்சியிலிருந்து கிளம்பினேன். விளையாட்டில் நேரமும் வெயிலும் வெளியே இருப்பதுபோலவே ஓடும். லேசாக இருந்தால் பூப்போல இறங்கும் என்று எரிபொருளைக் குறைவாகத்தான் நிரப்பியிருந்தேன். ஊருக்குத் தெற்கே விழிஞ்ஞத்தைத் தாண்டித் திரும்பி, சக்கரத்தை இறக்கினேன். கடல் இடது பக்கம், ரன்வே நேர் எதிரே. மனதுக்குள் மகளுக்குப் புடவை மடித்து வைக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

"ஏய், இன்னிக்கு ஆறாட்டாக்கும்" என்றார் இவர்.

வருஷத்துக்கு இரண்டு முறை எங்கள் ஊர்க் கோவில் பெருமாள் கடலில் நீராடப் போவதுதான் ஆறாட்டு. ஊர்வலம் போகும் வழி விமான நிலையத்துக்குள் இருக்கிறது. அதனால் அன்று சாயங்காலம் ரன்வேயை மூடிவிடுவார்கள்; யானையும் சுவாமி வாகனங்களும் அதைக் கடந்து கடற்கரைக்குப் போகும்.

"ஆறாட்டுக்குன்னு குளிச்சு ரெடியா உக்காந்திருக்கோம், அதுக்குள்ள மறந்தாச்சா? ரன்வேயை நாலு மணிக்கே அடைச்சிருப்பா" என்றார் மறுபடியும்.

"இது கம்ப்யூட்டர்னா. இதுல எந்த ஆனை வரப் போறது?"

"உன் கம்ப்யூட்டர்ல மணி என்ன காட்டறது?"

நாலு இருபது காட்டியது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பத்தாவது முறை தவறட்டும் என்றே காத்திருந்தாரோ என்று நினைத்தேன். திரையில் ரன்வே துடைத்துவிட்டதுபோலக் காலியாகக் கிடந்தது. இன்னும் முப்பது விநாடி. ஆனால் பெருமாள் வரும் வழி என்று தெரிந்த பிறகு அதில் சக்கரத்தை வைக்க எனக்கு மனம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முழு வேகம் கொடுத்து மூக்கைத் தூக்கினேன். சக்கரம் உள்ளே போயிற்று. ரன்வே எங்களுக்குக் கீழே நழுவிப் பின்னால் போயிற்று.

நாற்காலியின் கையிலிருந்து இவர் கையை எடுத்தார். "இப்போ என்ன பண்ணுவே?"

"கொச்சிக்கே திரும்பணும். எண்ணெய் கொஞ்சமாத்தான் இருக்கு. எண்ணெய் காட்டற முள்ளைப் பாத்துச் சொல்லிண்டே இருங்கோ."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குள் விழுந்துவிடுவதுபோலக் குனிந்து சொன்னார். கொல்லத்தைத் தாண்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. எனக்கு வியர்த்தது. "இருக்கு, இருக்கு, பதறாதே" என்று இவர்தான் தைரியம் சொன்னார். கொச்சியில் தடாலென்று விழுந்து, ஒரு குதி குதித்து, புல்லில் போய் நின்றேன். இவர் கண்ணை மூடவே இல்லை.

"நம்மூர்ல இறங்கலை. அதனால ஒம்பதுதான்" என்றார். நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஆறாட்டு பார்க்கக் கிளம்பினேன்.

விமான நிலையத்தை ஒட்டிய வள்ளக்கடவில் கூட்டத்தோடு நின்றோம். நான் இவர் பக்கம் திரும்பவில்லை. பெருமாள் எங்களைத் தாண்டி விமான நிலையத்துக்குள் போனார். கை கூப்பினேன், மகளுக்காக வேண்டிக்கொண்டேன். மேலே வானத்தில் ஒரு விமானமும் இல்லை.

இவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறங்க வேண்டாம்னு தோணினா திரும்பவும் மேல ஏறிடலாமா?" என்றார்.

"பின்னே? எப்பவும் ஏறலாம். நெஜ பைலட்டும் அதைத்தான் பண்ணுவார்."

"கீழ வர ஆரம்பிச்சுட்டா இறங்கியே ஆகணும்னுன்னா நான் நினைச்சிண்டிருந்தேன். நீ ஒம்பது தடவை இறக்கிக் காட்டினே, இதை ஒரு தடவைகூடச் சொல்லலையே."

ஒன்பது முறை நான் பூப்போல இறங்கியபோதெல்லாம் இந்த மனுஷன் எதை நினைத்துக் கண்ணை மூடியிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ரயிலில் வருகிறேன் என்று இவர் சொன்னதிலிருந்து வைத்திருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

"டிக்கெட் போடு. ரெண்டு" என்றார்.

கூட்டத்தின் நடுவிலேயே கைப்பேசியை எடுத்தேன். கண்ணில் தண்ணீர் நிறைந்து எழுத்து தெரியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இவரே தேதியைப் படித்துச் சொன்னார்.