ஐந்து நிமிடத்தில் வந்து கேட்கிறேன்

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நம்பவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. பதினோரு வருடமாக மனநல வார்டில் நர்ஸ் வேலை பார்க்கிறேன். இல்லாததைப் பார்க்கிறவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று சம்பளம் வாங்கிக்கொண்டு கற்றுக்கொண்டவள். அதனால் ‘பிரமையாக இருக்கும்’ என்று எனக்கே பாடம் எடுக்க வராதீர்கள். இது நடந்தது. நடுச்சாமத்தில்கூட இல்லை, இரவு ஏழு மணிக்கு. எங்கள் ஆஸ்பத்திரிப் பேய்க்குப் பன்னிரண்டு மணி வரை காத்திருக்கப் பொறுமை கிடையாது.

முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக யார் வந்தாலும் டாக்டருக்கு முன் நாங்கள் உட்காரவைத்துப் பேசுவோம். இன்று என்ன கிழமை, இது எந்த இடம், தூக்கம் வருகிறதா, காதில் குரல் ஏதாவது கேட்கிறதா. ஆரம்பத்திலேயே மூன்று வார்த்தைகள் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்வோம். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்போம். வார்த்தைகள் அவரவர் இஷ்டம். என்னுடையவை குடை, சாவி, பால். வருடக்கணக்காக அதேதான். ஆளுக்கு ஒரு தினுசாக யோசிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

இதற்கென்றே வராந்தாவின் கோடியில் ஒரு அறை. ஒரு நாற்காலி, எதிரே தரையோடு திருகாணியால் இறுக்கிய நீளமான பெஞ்சு, சுவரில் ஒரு மணிப் பொத்தான். தாழ்ப்பாள் கதவின் வெளிப்பக்கம் மட்டும். நோயாளியோடு இரண்டு நர்ஸாக உள்ளே போக வேண்டும் என்பது விதி. நாற்பது கட்டிலுக்கு நாங்கள் இருப்பதே இரண்டு பேர். விதியைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

அன்று வந்தவர் ஒரு தையல்கார அம்மா. நாற்பது வயதிருக்கும். அவருடைய கணவர்தான் அழைத்துவந்தார்.

“தானா பேசிக்கிறா, சிஸ்டர். ராத்திரியெல்லாம் மிஷினை மிதிக்கிறா. சேர்த்துக்கோங்க.”

மாற்றுத்துணி வைத்த பை அவர் கையில் தயாராக இருந்தது. தீர்ப்பை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்த மனிதர்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “வீட்ல என்கிட்ட யார் பேசறாங்க? அதான் நானே பேசிக்கிறேன். பத்து வயசுப் பொண்ணு தனியா இருக்கு, சிஸ்டர். இவர் இப்படியே நைட் வேலைக்குப் போயிடுவார். நான் இன்னிக்கே வீட்டுக்குப் போயாகணும்.”

“கேக்கறதுக்கு ஒழுங்கா பதில் சொன்னீங்கன்னா போயிடலாம்” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஏழு மணி நான்கு நிமிடம். அறைக்குள் போனோம். மூன்று பேர் தாராளமாக உட்காரக்கூடிய பெஞ்சு அது. அவர் ஒரு ஓரத்தில், விழுந்துவிடுவார் போல ஒடுங்கி உட்கார்ந்தார். நன்றாக உட்காரச் சொன்னேன். பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, “பரவாயில்ல” என்றார்.

குடை, சாவி, பால் சொன்னேன். கிழமை சரியாகச் சொன்னார். இடம் சரி. தூக்கம் குறைவு, அதற்குக் காரணமும் சொன்னார்: பள்ளிக்கூடச் சீருடை முந்நூறு தைத்துக் கொடுக்க வேண்டுமாம். என்னைவிடத் தெளிவாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

“இந்த ரூம்ல எத்தனை பேர் இருக்கோம்?”

“மூணு பேர்.”

எனக்குப் பயம் வரவில்லை. போச்சு, அந்தக் குழந்தை இன்று தனியாகத்தான் என்று தோன்றியது.

இப்படிச் சொன்னால் மறுக்கக் கூடாது, ஆமோதிக்கவும் கூடாது. அதற்கு எங்களிடம் மனப்பாடமாக ஒரு வசனம் உண்டு. அதை ஒப்பித்தேன். “எனக்கு யாரும் தெரியலம்மா. ஆனா உங்களுக்குத் தெரியறது பயமாத்தான் இருக்கும்.”

“பயமா? பாவமா இருக்கு” என்றார். “உங்க மாதிரியே உடுப்பு. தலையில வெள்ளைத் தொப்பி. விரல் நுனியெல்லாம் வீங்கியிருக்கு.”

நாங்கள் தொப்பி போடுவதை நிறுத்தி வருடக்கணக்காகிறது.

ஏழு பதினொன்று. வார்த்தைகளைக் கேட்டேன்.

“குடை, சாவி, பால்” என்றார். உடனே, “இவங்களோடதையும் கேட்டுடுங்க, சிஸ்டர். ஜன்னல், உப்பு, செருப்பு. அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சாம். இன்னும் யாரும் வந்து கேக்கலையாம்.”

க்ளிக்...

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

எழுந்து கதவைத் தள்ளினேன். அசையவில்லை. மணிப் பொத்தானை அழுத்தினேன். அது தூரத்தில், டியூட்டி மேசையில் அடித்தது. அந்த மேசையில் இருக்க வேண்டியவளே நான்தான்.

திரும்பினேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

ஆனாலும் குரல் வந்தது.

பெஞ்சின் நடுவிலிருந்து.

“ஜன்னல்... உப்பு... செருப்பு...”

மெதுவாக. மறந்துவிடக் கூடாதே என்று பாடத்தை முணுமுணுக்கும் பிள்ளையைப் போல.

“ஜன்னல்... உப்பு...”

பெஞ்சு கிறீச்சிட்டது.

யாரோ... நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

என் பக்கமாக.

ஏழு இருபதுக்கு ஆயாம்மா கதவைத் திறந்தார். “யாரு வெளியில தாழ்ப்பாள் போட்டது?” என்று எங்களையே திட்டினார்.

சின்ன டாக்டர் இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார். “கண்ணுக்கு ஆள் தெரியுது, காதுல குரல் கேக்குது. அட்மிட்.”

“இவங்களுக்கும் கேட்டுச்சு, சார்” என்று அந்த அம்மா என்னைக் காட்டினார்.

“ஆமா டாக்டர். எனக்கும் கேட்டுச்சு” என்றேன்.

அவர் சிரித்தார். “உங்களையும் ஒருநாள் அந்தப் பெஞ்சுல உக்கார வெச்சுக் கேக்கணும் போலிருக்கே, சிஸ்டர்.”

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கணவர் பையைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். அந்தக் குழந்தை அன்று ராத்திரி விளக்கை அணைக்காமல் தனியாகப் படுத்தது. இதில் எது பேய்க் கதை என்று நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் காலை எங்கள் வார்டு பொறுப்பாளரிடம் சொன்னேன். நாங்கள் அவரைப் பெரியக்கா என்போம். நான் அந்த ஆஸ்பத்திரிக்கு மாறிவந்து அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அவர் இருபத்தைந்து வருடமாக அங்கேயே இருந்தவர். மூன்று வார்த்தைகளையும் கேட்டதும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“அது நான் கொடுத்துட்டிருந்த வார்த்தைடி. பல வருஷமா கொடுக்கறதில்ல.”

“கடைசியா யாருக்குக் கொடுத்தீங்க?”

எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார். “என்கூடப் படிச்சவ. இங்கயே நர்ஸ். லீவே இல்லாம நைட் பாத்துப் பாத்து, யாரோ கூப்பிடற மாதிரி இருக்குன்னா. பெரிய டாக்டர் என்னையே விசாரிக்கச் சொன்னார். மூணு வார்த்தை கொடுத்தேன். அஞ்சு நிமிஷத்துல வந்து கேக்கறேன்னு தாழ்ப்பாள் போட்டுட்டு வந்தேன். அதுக்குள்ள ஒரு அவசர கேஸ். அப்புறம் டியூட்டி முடிஞ்சிடுச்சு. அடுத்து வந்தவங்ககிட்ட சொல்லாமலே வீட்டுக்குப் போயிட்டேன்.”

“காலையில?”

“உக்காந்தபடியே போயிருந்தா. ஒரு விரல் மணிப் பொத்தான் மேல.”

“ரிப்போர்ட்ல என்ன போட்டீங்க?”

“ஞாபகசக்தி பூஜ்யம்னு.” டம்ளரையே பார்த்தார். “அத முன்னாடியே போட்டு வெச்சிருந்தேன்.”

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கசந்தது. அன்று மாலை நானே தனியாக அந்த அறைக்குப் போய், கதவிடுக்கில் நாற்காலியைச் செருகிவிட்டு, “உங்க மூணு வார்த்தை என்னக்கா?” என்று வெறும் பெஞ்சிடம் கேட்டேன். பதில் இல்லை.

தையல்கார அம்மாவை மூன்று வாரம் வைத்திருந்துதான் விட்டார்கள். சீருடை வேலையை அதற்குள் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். போகும்போது என்னிடம், “அவங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?” என்றார்.

“நான் கேட்டேன்.”

“நீங்க கேட்டா எப்படி? கொடுத்தவங்கதானே கேக்கணும்?”

அதைப் பெரியக்காவிடம் சொன்னேன். பலமுறை சொன்னேன். ஓய்வு பெறும்வரை அவர் அந்த வராந்தாப் பக்கமே போகவில்லை.

போன மாதம் அவருடைய மகன் அவரை அழைத்துவந்தான். “அம்மா தூங்கறதே இல்ல, சிஸ்டர். கட்டில் ஓரத்துலயே உக்காந்திருக்காங்க.”

விசாரிக்க வேண்டியவள் நான். அதே அறை. அதே பெஞ்சு. பெரியக்கா ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை.

“இப்பவாவது கேட்டுடுங்கக்கா” என்றேன்.

அவர் பக்கத்தில் திரும்பினார். “கேட்டேன்டி. தினமும் கேக்கறேன். அவளும் தினமும் சொல்றா. சரியான்னு என்னைக் கேக்கறா...”

அழ ஆரம்பித்தார்.

“நான் கொடுத்த வார்த்தை என்னன்னு எனக்கு ஞாபகம் வரலடி.”