வலியோடு திருப்பிக் கொடுத்தார்

என் வீட்டுக்காரர் ஆசீர்வாதம் பேச்சுமூச்சில்லாமல் கிடந்ததை நான் கண்டது, உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் தை மாதத்தில், வெயில் இறங்குகிற நேரத்தில். உதடு நீலம் பாரித்திருந்தது. இமையைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணின் கறுப்பு மணி கடுகளவு சுருங்கிக் கிடந்தது.

இது எப்படி வந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எங்களுக்கு யாரும் தீங்கு நினைக்கவில்லை. எங்கள் சபையார் எங்கள்மேல் வைத்த அன்பினால் வந்தது.

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே எங்கள் ஊர். கடலை மூட்டை ஏற்றிய வண்டி குடைசாய்ந்து இவருடைய இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. திருச்சி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து, எலும்பு ஏதோ ஒருமாதிரி கூடியது. வலி மட்டும் விட்டபாடில்லை. ஊருக்கு வந்த பிறகும் தெருவே கேட்கும்படி கத்துவார். நான் உத்தரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். இவரையும் என்னையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே என்றுகூடக் கேட்டிருக்கிறேன்.

அரியலூரில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். ஒரு டாக்டரிடம் வேலை பார்த்துவிட்டு அப்புறம் தனியாகத் தொழில் நடத்தினவர். அவரைக் கூட்டி வந்தோம். வலியை அமர்த்துகிற மார்பியா ஊசி ஒன்று போட்டார். கொஞ்ச நேரத்தில் இவர் முகம் தெளிந்து, சோறு இருக்கிறதா என்று கேட்டார். நான் சுவரில் சாய்ந்து அழுதேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எழுந்து நின்று, கர்த்தர் என் கண்ணீரைப் பார்த்துவிட்டார் என்று சாட்சியும் சொன்னேன். ஸ்தோத்திரம் சொல்லாத வாய் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் சபையை நடத்துகிற உபதேசியார் ஒரு ஏற்பாடு செய்தார். ஆராதனை முடிந்ததும், இந்த வாரம் வண்டி கட்டிக் கம்பவுண்டரைக் கூட்டி வருவது எந்த வீட்டு முறை என்று அறிவிப்பார். நோயாளி வீட்டுக்குச் சோறு கொண்டுபோவதுபோல இதையும் ஒரு ஊழியமாக எடுத்துக்கொண்டார்கள். இதில் வீட்டுக்கு வீடு போட்டி வேறே. நல்ல காரியம் என்று ஒன்று கையில் கிடைத்துவிட்டால் எங்கள் ஜனங்களைப் பிடித்து நிறுத்த முடியாது.

முதலில் எப்போதாவது ஒரு ஊசி. பிறகு வாரத்துக்குச் சில. பிறகு தினமும். கொஞ்சம் தாமதமானாலும் இவருக்கு மூக்கு ஒழுகும். கொட்டாவி மேல் கொட்டாவி வரும். உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவார். இடுப்பு நோவுக்கு மூக்கு ஏன் ஒழுக வேண்டும் என்று ஒரு ஆளும் கேட்கவில்லை. நோய் முற்றுகிறது என்றே நினைத்தோம். இன்னும் உருக்கமாக ஜெபித்தோம், வண்டியை இன்னும் வேகமாக ஓட்டினோம்.

அன்றைக்கு உபதேசியார் வீட்டு முறை. காலையிலிருந்தே இவர் துடித்தார். அரியலூர் கம்பவுண்டர் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டார் என்று யாரோ சொல்ல, என் கொழுந்தனார் சாமுவேல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரம்பலூருக்குப் புறப்பட்டார். அங்கேயும் ஊசி போடுகிற கம்பவுண்டர் ஒருவர் உண்டு. நான் ஊருக்கு வெளியே எங்கள் கொல்லைக்காட்டில் சோளம் அறுக்கப் போய்விட்டேன்.

கல்யாணம் என்பது வெறும் புரளி. உபதேசியார் மத்தியானமே அரியலூர்க்காரரை அழைத்து வந்து ஊசி போடவைத்து, அவரைத் திரும்பக் கொண்டுபோய் விடவும் கிளம்பிவிட்டார். இது எதுவும் எனக்குத் தெரியாது. நான் வீடு திரும்பியபோது சாமுவேல் பெரம்பலூர் கம்பவுண்டரோடு வாசலில் நின்றார். இவரோ பாயில் சத்தமில்லாமல் கிடந்தார். எனக்கே ஒரு சந்தேகம். நான் இல்லாதபோது யாராவது வந்தார்களா என்று கேட்டேன்.

"யாரும் வரல. உசுரு போவுது, போடச் சொல்லு," என்றார்.

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். சந்தையில் மாட்டுக்கு ஒரு குறை இருந்தால் வாங்குகிறவனிடம் தானே சொல்லிவிட்டு வருகிற மனுஷர் இவர். பிழைக்கத் தெரியாதவர் என்று நான் அதற்காகச் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். அந்த வாயை நம்பாமல் வேறு எதை நம்புவேன்? ஊசி போட்டாயிற்று. கம்பவுண்டரும் போய்விட்டார்.

கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தபோதுதான் முதலில் சொன்ன கோலத்தைக் கண்டேன். என் சத்தம் கேட்டு சாமுவேல் ஓடி வந்தார். அந்த நேரத்தில்தான் உபதேசியாரின் வண்டியும் திரும்பி வந்து நின்றது. இப்போதுதானே ஊசி போட்டோம் என்று சாமுவேல் அழுதார்.

உபதேசியார் முகம் வெளுத்துவிட்டது. "நான் மத்தியானமே போட வச்சுட்டேனே தம்பி," என்றார்.

இவர் என்னிடம் பொய் சொல்லிவிட்டார் என்பது ஒரு பக்கம், இவர் சாகிறார் என்பது இன்னொரு பக்கம். எதற்கு அழுவது என்று தெரியவில்லை.

அதே வண்டியில் அரியலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் நான் இவரைக் கிள்ளினேன், அறைந்தேன், பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அதுவரை இவர் பேரை நான் வாயால் சொன்னதே இல்லை. பட்டாளத்திலிருந்து திரும்பிய டாக்டர் ஒருவர் அங்கே இருந்தார். கண்ணை ஒருதரம் பார்த்தார், எத்தனை ஊசி என்று மட்டும் கேட்டார். உடனே குப்புறப் போட்டு முதுகை அமுக்கி அமுக்கி விடச் சொன்னார். கை ஓய்ந்தால் மூச்சும் ஓய்ந்துவிடும் என்றார். சாமுவேல் அமுக்கினார். அவர் களைத்ததும் உபதேசியார். செய்தி கேட்டு வந்த சபையாரும் ஆள் மாற்றி ஆள் அமுக்கினார்கள். டாக்டர் கையில் இன்னொரு ஊசியைப் பார்த்ததும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இது மூச்சு வர்றதுக்குப் போடுற ஊசிம்மா, விடுங்க," என்றார்.

நான் மூலையில் முழங்கால் போட்டேன். ஜெபம் வரவில்லை. கடைசியில் வந்தது இவ்வளவுதான்: "ஆண்டவரே, இத்தனை நாளும் வலியை எடுத்துப்போடும்னு கேட்டேன். இனிமே கேக்கமாட்டேன். வலி இருந்துட்டுப் போவட்டும். ஆளை எனக்குக் குடுத்துடும்."

நடுராத்திரி வாக்கில் இவர் தானாக ஒரு மூச்சு இழுத்தார். எல்லோரும் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தோம். இன்னொன்று வந்தது. வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "வலிக்குது" என்றார். நான் கேட்ட ஜெபத்துக்கு ஒரு எழுத்துகூடக் குறையாமல் பதில் வந்துவிட்டது.

மறுநாள் டாக்டர் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னது முதல் அதிர்ச்சியைவிடப் பெரிது. மூக்கு ஒழுகியதும் வயிறு புரட்டியதும் நோய் அல்ல, உடம்பு ஊசியைக் கேட்டது என்றார். பட்டாளத்தில் நல்ல நல்ல ஆட்களுக்கு இப்படி ஆனதைப் பார்த்திருக்கிறாராம். மருந்தின்மேல் குற்றமில்லை, ஒரே டாக்டர் அளவு பார்த்துக் கொடுத்து, வேளை வந்ததும் குறைக்க வேண்டும் என்றார். இவர் சொன்ன பொய்யை நினைத்து நான் விம்மியபோது என் பக்கம் திரும்பினார். "அவரைத் திட்டாதீங்க. இந்த மருந்து பிடிச்சுக்கிட்டா யாரையும் அப்படிப் பேச வைக்கும்," என்றார்.

ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு தாங்காது என்று, தம்மிடமே வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். அந்த நாட்களை எழுத மனம் வரவில்லை. இவர் வியர்த்துக் கொட்டித் தூக்கமில்லாமல் புரண்டார், என்னைக் கெஞ்சினார், பிறகு ஏசினார். சபையார் முறை வைத்து வந்து கூட உட்கார்ந்தார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள், தோள் கொடுத்து நடக்கவைத்தார்கள். பங்குனி முடிவதற்குள் ஊசி இல்லாமல் வீடு வந்தோம். இன்று தடி ஊன்றிக் கொல்லைக்குப் போய் வருகிறார்.

இதை வாசிக்கிற சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் வலியில் கிடக்கிறவர்கள் இருப்பார்கள். முழங்கால் போடுங்கள், ஆண்டவர் கேட்பார். ஊசி போட வருகிறவரிடம் இது என்ன மருந்து, எத்தனை நாளைக்கு என்றும் கேளுங்கள். இதற்குமுன் யார் போட்டார்கள் என்பதை நீங்களே விசாரித்துச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பது அவிசுவாசம் ஆகாது.

வலி இவரை முழுக்க விடவில்லை. விடியற்காலையில் எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுவார். அந்த முனகல் காதில் விழுந்ததும் நான் ஸ்தோத்திரம் சொல்லிவிடுகிறேன். இவருக்குக் கோபம் வரும்.

"எனக்கு வலிக்குது, நீ ஸ்தோத்திரம் சொல்றியா?"

"ஆமாங்க. வலிக்குதுன்னு சொல்ல நீங்க இருக்கீங்கல்ல."