நாகவல்லி நிறுத்திய டியூஷன்

ஆவடி குவார்ட்டர்ஸில் நாகவல்லிக்குத் திமிர் என்று பேசிக்கொள்வார்கள். பேசிவிட்டுப் போகட்டும். கள்ளிக்குப்பத்தில் நாற்று நட்ட குடும்பத்துப் பெண் அவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள். புருஷன் கஜபதி தொழிற்சாலையில் கிரேன் ஓட்டினான். மூத்தவள் வனஜாவுக்கு 1986-இல் நாலு வயது முடிந்ததுமே பக்கத்து பிளாக் தேவராஜ் வாத்தியாரிடம் டியூஷனுக்கு அனுப்பிவிட்டான். மற்றப் பிள்ளைகள் மைதானத்தில் புழுதி கிளப்ப, இவள் மங்கல் பல்புக்கடியில் மூக்கு நோட்டில் உரச எழுதிக்கொண்டிருந்தாள். அப்போது நாகவல்லியும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

எட்டு வயதில் வனஜா கரும்பலகையில் இருப்பதைத் தப்பும் தவறுமாக எழுதிக்கொண்டு வந்தாள். தலை வலிக்கிறது என்றாள். வாத்தியார் கவனக்குறைவு என்று பிரம்பை எடுத்தார். கண்ணாக இருக்குமோ என்று நாகவல்லி கேட்டதற்குக் கஜபதி சிரித்தான்.

"கண்ணுக்கு இன்னா? போன மாசம் ஸ்கூலுக்கு டாக்டர் வந்து பாத்தாரு. கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சிருக்குது."

ஒருநாள் நாகவல்லி ரேஷன் கடை வரிசையில் நின்றபோது, பத்தடி தள்ளி வனஜா வந்தாள். பெற்றவளை நேருக்கு நேர் பார்த்தாள். யாரோ என்பதுபோல் நடந்து போய்விட்டாள். மறுநாள் யாரையும் கேட்காமல் மகளை ரயிலேற்றி நகரத்துக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டரம்மா சுவரில் இருந்த அட்டையைப் படிக்கச் சொன்னார். வனஜா விறைப்பாக நின்று, "ஈ. எஃப், பி. டீ, ஓ, இசட்" என்று ஒப்பித்தாள்.

"யாரும்மா சொல்லிக்குடுத்தது? அங்க மாட்டியிருக்கறது தமிழ் எழுத்து."

"நைனாதான்" என்றாள் வனஜா.

கிரேன்காரர்களுக்கு வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டு. பார்வை மங்கினால் கீழே இறக்கிவிடுவார்கள் என்ற பயத்தில் பாதிப்பேர் அந்த இங்கிலீஷ் அட்டையை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். ஸ்கூலுக்கு டாக்டர் வருமுன் கஜபதி அதையே மகளையும் உருப்போட வைத்திருந்தான். பரீட்சை என்றால் பாஸாக வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. பாவி மனுஷன், கெட்ட எண்ணமே கிடையாது. அதுதான் வயிற்றெரிச்சல்.

கண்ணாடி எழுதிக்கொடுத்த டாக்டரம்மா, "வீட்ல சின்னது இருக்கா? எல்லாருக்கும் இப்படி ஆகும்னு இல்ல. ஆனா நல்ல வெளிச்சத்துல வெளிய விளையாட விடுங்க. சும்மா புஸ்தகத்தோட கட்டிப்போடாதீங்க" என்றார்.

சின்னது இருந்தது. ஐந்து வயதுப் பத்மாவை அடுத்த வாரம் டியூஷனில் சேர்ப்பதாகக் கஜபதி வாக்குக் கொடுத்திருந்தான். அந்த நாள் வந்ததும் வாத்தியாரே பிள்ளையைக் கூட்டிப்போக வாசலுக்கு வந்துவிட்டார்.

"பத்மா வராது சார். வனஜாவும் இனிமே வராது" என்றாள் நாகவல்லி.

கஜபதிக்கு முகம் சிவந்தது. "நாலு பேர் இன்னா சொல்வாங்க? ரேங்க் போச்சுன்னா நீயா குடுப்பே?"

"போனா போவட்டும். பத்தடியில பெத்தவ மூஞ்சி தெரியல அதுக்கு. இத்தையும் அப்பிடி ஆக்க நான் உடமாட்டேன். உன்னால ஆனதைப் பாத்துக்கோ."

வாத்தியார் செருப்பை மாட்டிக்கொண்டார். நாகவல்லி இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்தாள். பத்மா ஒரே ஓட்டமாக ஓடிப் பிள்ளைகளோடு கலந்துவிட்டாள். வனஜா புதுக் கண்ணாடியைப் பிடித்தபடி, பாண்டி ஆடத் தரையில் கீறியிருந்த கட்டத்தின் ஓரத்திலேயே நின்றாள்.

"ஒடஞ்சா வேற வாங்கிக்கலாம். போய் ஆடு."

"எப்பிடிம்மா ஆடணும்?"

எட்டு வயதுப் பெண் கேட்கிற கேள்வியா அது? வேலை விட்டு சைக்கிளில் வருகிறவர்கள், பால்கனிப் பெண்கள், பின்னாலேயே வந்து நின்ற கஜபதி என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாகவல்லி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒற்றைக் காலில் முதல் கட்டத்துக்குள் குதித்தாள்.

"பாத்துக்கோ" என்றாள் மகளிடம். "இப்பிடித்தான்."