மாமா விட்ட ரிங்

திருத்தணியில் மலைப்படி அடியில் அம்மா பூக்காவடி கட்டி விற்றாள். செல்லில் ஸ்கேன் செய்து பணம் போடும் அட்டை வந்த புதிதில், அவளும் ஒன்றைக் கடையில் மாட்டினாள். ஆனால் அவளிடம் இருந்தது பட்டன் போன். அதனால் அட்டை மாமாவின் கணக்குக்கு உரியது. இங்கே யாராவது பணம் போட்டால், வங்கியின் செய்தி அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டும் மாமாவுக்குப் போகும். அவர் உடனே அம்மாவுக்கு ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவார். ரிங் வந்தால் பணம் வந்துவிட்டது என்று அர்த்தம். அவ்வளவு பெரிய வங்கிக்கும் எங்கள் கடைக்கும் நடுவில் மாமாவின் கட்டைவிரல்தான் இருந்தது.

அந்த ஆடிக் கிருத்திகையின்போது எனக்குப் பத்து வயது. அம்மாவின் கை எப்போதும் ஈரம் என்பதால் போன் என் பொறுப்பில் இருந்தது. பொறுப்பு என்றால் பாம்பு விளையாட்டு. பாம்பு என்றுமில்லாத நீளத்துக்கு வளர்ந்திருந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வந்த கோபத்தில் கட் செய்துவிட்டேன். மேளச் சத்தத்தில் அம்மாவுக்கு அது கேட்கவில்லை.

எதிரே, பக்கத்து ஊரான நகரியிலிருந்து வந்த ஒருவர் நின்றிருந்தார். வாங்கிய காவடி அவர் மகளின் தோளில் இருந்தது. அவளுக்கும் என் வயதுதான்.

"போட்டாச்சிம்மா, இதோ பாரு" என்று செல்லை நீட்டினார்.

"எங்க அண்ணன் ரிங் உடலியேங்க. போன வாரம் ஒருத்தன் என்னிக்கோ போட்டதக் காட்டிட்டுப் பூட்டான். கொஞ்சம் நில்லுங்க" என்றாள் அம்மா.

அவளே மாமாவை அழைத்துப் பார்த்தாள். திருவிழாக் கூட்டத்தில் லைன் கிடைக்கவில்லை. சொன்னால் போனைப் பிடுங்கிக்கொள்வாளே என்று நான் வாயைத் திறக்கவில்லை. சுற்றிலும் நாலு பேர் வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து ரொக்கமாக எடுத்துக் கொடுத்தார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

பொழுது சாய மாமா கடைக்கு வந்தார். "மத்தியானம் முந்நூத்தம்பது வந்துச்சே, ரிங் உட்டேனே" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அடிக்கவில்லை. மாமா செல்லை எடுத்து, அந்தத் தொகையை வந்த வழியே திருப்பி அனுப்பினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு உயிர் வந்தது.

அம்மா மட்டும் கடையை விட்டு இறங்கினாள்.

"பணம்தான் பூடிச்சே, இன்னும் எங்க போற?" என்றார் மாமா. அவள் காதில் வாங்காமல் கூட்டத்துக்குள் படியேறினாள். வெகுநேரம் கழித்து மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"காணோம். பொண்ண வச்சிகினு நின்ன மனுசன, நாலு பேரு எதிர்ல..." என்றவள் பூக்கூடை அருகே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவருக்குப் பணம் முழுசாகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவளுக்குச் சமாதானம் சொன்னேன்.